ஒன்றே ஒன்று சொல்லுங்கள், சிஸ்டர்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். சென்னையின் அரசு மருத்துவமனைகளில் 34 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நம் உடம்பை நாமே பேணிக்கொள்வது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நீங்கள் காய் நறுக்கிக்கொண்டிருக்கலாம், துணி மடித்துக்கொண்டிருக்கலாம். வேலையை நிறுத்த வேண்டாம், செய்துகொண்டே கேளுங்கள்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், புறநோயாளிகள் பிரிவுக்கு ஒரு பெண் வந்தார். வயது 40 இருக்கும். வீடு வியாசர்பாடி, வேலை தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். அந்த ஆண்டிலேயே மூன்றாவது முறை. இரண்டு கால்களிலும் வீக்கம் வேறு. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். விளக்கிச் சொல்வது என் வேலை. நானும் வழக்கம்போல் சொன்னேன்: மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும், சிறுநீரை அடக்கக் கூடாது, எட்டு மணி நேரம் தூங்க வேண்டும், காலையில் அரை மணி நடக்க வேண்டும், பழம் சாப்பிட வேண்டும். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “எல்லாம் நல்லதுதான் சிஸ்டர். இதில் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். ஒன்று என்றால் செய்துவிடுவேன்.”

தண்ணீர் என்றேன்.

“தண்ணீர் குடித்தால் போக வேண்டி வருமே, சிஸ்டர்.”

பிறகுதான் விவரம் வந்தது. கடையில் பெண்களுக்கான கழிப்பறை மேல் மாடியில். லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டும். போய்வரும்வரை அவருடைய இடத்தில் வேறொருவர் நிற்க வேண்டும். ஒரு நாளில் இரண்டு முறைக்கு மேல் கேட்டால் மேற்பார்வையாளரின் முகம் மாறிவிடும். அதனால் காலையில் ஒரு டம்ளர் காப்பியோடு கிளம்பினால் இரவு வீடு திரும்பும்வரை தொண்டையை நனைப்பதோடு சரி. தண்ணீர் நல்லது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தே, கணக்குப் போட்டே குடிக்காமல் இருந்தார். அவரிடம் போய் மூன்று லிட்டர் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று அவருடைய ஒரு நாளை மணிவாரியாகக் கேட்டேன். எழுவது ஐந்தரைக்கு, பஸ் எட்டே முக்காலுக்கு, சாப்பாடு இரண்டரைக்கு, கடை அடைப்பது ஒன்பதுக்கு. இருவருமாக ஓர் ஏற்பாடு செய்தோம். எழுந்ததும் ஒரு சொம்புத் தண்ணீர். பஸ் ஏறுவதற்குள் அதன் வேலை முடிந்துவிடும். சாப்பாட்டோடு இன்னொரு சொம்பு. மாலை ஏழு மணிக்கு மேல் ஒன்று. பக்கத்துப் பிரிவில் நிற்கும் தோழியோடு ஓர் ஒப்பந்தம்: நான்கு மணிக்கு இவர் போய்வருவார், நான்கேகாலுக்கு அவர். தினமும் அதே நேரம். லிட்டர் அளக்க வேண்டாம், சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள் என்றேன். வைக்கோல் நிறம் என்றால் தண்ணீர் போதுகிறது. கருமஞ்சளாகப் போனால் போதவில்லை. சென்னை கடலோர ஊர், காற்றில் ஈரம் அதிகம். வியர்வை உலராமல் வழிந்துகொண்டே இருக்கும், உடம்பும் குளிராது. கத்திரி வெயில் நாட்களில் இன்னும் ஒரு சொம்பு கூட்டிக்கொள்ள வேண்டும்.

நான்கைந்து மாதம் கழித்துத் தன் தாயாரை அழைத்துக்கொண்டு வந்தார். எரிச்சல் மறுபடி வரவில்லையாம். முதலில் குணமாக்கியது மாத்திரைதான், அதில் சந்தேகம் வேண்டாம். திரும்ப வராமல் பார்த்துக்கொண்டதில் சொம்புக்கும் பங்கு உண்டு. “இப்போது எங்கள் தளத்தில் ஐந்து பேர் முறை வைத்துப் போகிறோம்” என்றார். அந்த ஐந்து பேரை நான் பார்த்ததில்லை. இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன்.

கால் வீக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இது எனக்கு மிக முக்கியமான விஷயம். காலுக்கு இறங்கிய இரத்தம் மேலே திரும்ப வேண்டுமானால் கெண்டைக்கால் சதை சுருங்கி அதைத் தள்ளிவிட வேண்டும். நடக்கும்போது சதை அந்த வேலையைச் செய்கிறது. அசையாமல் நின்றால் இரத்தம் கீழேயே தேங்குகிறது. நரம்பு சுருட்டிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே நின்ற இடத்திலேயே குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். பத்துத் தடவை. புடவையை விரித்துக் காட்டிக்கொண்டே செய்யலாம், யாருக்கும் தெரியாது. அடுப்படியிலும் செய்யலாம், ரேஷன் கடை வரிசையிலும் செய்யலாம். இப்போது நின்றுகொண்டு கேட்பவர்கள் இப்போதே செய்து பாருங்கள்.

ஆனால், குதிகாலை உயர்த்திக்கொண்டே 12 மணி நேரம் நிற்கலாம் என்று நான் சொல்லவில்லை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள் போராடியதன் பலன் அது. கடை நடத்துகிறவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் உங்களை வேண்டிக் கேட்கிறேன்: ஒரு முக்காலியைப் போடுங்கள். போட்டால் மட்டும் போதாது, உட்கார்ந்தால் கோபிக்காதீர்கள். ஒருவர் தன் உடம்பைப் பேணிக்கொள்ள முடிவதும் முடியாததும் பல நேரம் அடுத்தவர் கையில் இருக்கிறது.

“உங்களுக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்” என்று சொல்கிறார்களே, அந்த அறிவுரையை நான் சொல்வதை நிறுத்திப் பல காலம் ஆகிறது. தண்ணீர் லாரி வரும் நேரம் தெரியாமல் குடத்தோடு காத்திருப்பவர் எந்த ஒரு மணியை ஒதுக்குவார்? உடம்பைப் பேணுவதை ஏற்கெனவே செய்கிற வேலையோடு முடிச்சுப் போட்டுவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

தைராய்டு மாத்திரையைப் பாருங்கள். மாமியாரின் இரத்த அழுத்த மாத்திரையைத் தவறாமல் எடுத்துக் கொடுக்கும் மருமகள், தன் தைராய்டு மாத்திரையை வாரத்தில் மூன்று நாள் விட்டுவிடுகிறார். அதை வெறும் வயிற்றில் போட வேண்டும். காப்பிக்கும் அதற்கும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். காப்பி முந்திக்கொண்டால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. என் தங்கைக்கு இதற்கு ஒரு வழி சொன்னேன். பால் பாக்கெட் எடுக்க வாசற்கதவைத் திறக்கிறாய் அல்லவா, சாவி மாட்டும் இடத்தில் மாத்திரையை வை. முதலில் மாத்திரை, பிறகு பால். பால் காய்ச்சி, டிகாக்‌ஷன் இறங்கி, வாசல் தெளித்து முடிப்பதற்குள் அரை மணி போய்விடும். ஆறு ஆண்டுகளாக அவள் ஒரு நாளும் மறக்கவில்லை.

ஆட்டோ ஓட்டும் சகோதரர்களுக்கும் தண்ணீர்க் கதை அப்படியே பொருந்தும், விரிக்க நேரமில்லை. 30 வயதைத் தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்க்கிறார்கள்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து அறிவிப்பாளர் ஒற்றை விரலைக் காட்டுகிறார். தூக்கத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதி வந்தேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: கைப்பேசியைத் தலையணைக்கு அருகில் வைக்காமல், எழுந்து போய் எடுக்க வேண்டிய இடத்தில் சார்ஜில் போடுங்கள்.

மனம் பற்றியும் பேச நினைத்திருந்தேன். இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, எதிலும் நாட்டமில்லை, அழுகையாக வருகிறது என்றால் தண்ணீரும் நடையும் போதாது. மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்று ஒரு முறை தோன்றினாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே ஒருவரிடம் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் இருக்கிறது. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. காய் நறுக்கிக்கொண்டிருப்பவர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காலண்டர் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 14416. மறுபடி சொல்கிறேன்: ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு. வணக்கம்.