ஓவன் வாங்கும் முன் பிளக்கைப் பாருங்கள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் அன்பான வணக்கம்.

ஆடி பிறந்துவிட்டது. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் என்று எந்த ஊர்க் கடைத்தெருவுக்குப் போனாலும் தள்ளுபடிப் பலகைதான் முதலில் கண்ணில் படுகிறது. புடவை எடுக்கப் போனவர்கள் அப்படியே வீட்டு உபயோகப் பொருள் கடைக்குள்ளும் நுழைந்து ஓவன் விலை கேட்டுவிட்டு வருகிறார்கள். கல்லூரியில் மனையியல் கற்றுக்கொடுத்தவள் என்பதால் என்னிடம் வந்து, "மைக்ரோவேவ் வாங்கலாமா, கன்வெக்‌ஷன் வாங்கலாமா, ஓ.டி.ஜி. என்று வேறு ஒன்று சொல்கிறார்களே, அது என்ன?" என்று கேட்பவர்கள் நிறைய. அதற்கான பதிலை இன்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன்.

மைக்ரோவேவில் நெருப்பும் கிடையாது, பழுக்கிற கம்பியும் கிடையாது. மேக்னட்ரான் என்று ஒரு குழாய் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் எதிரி விமானத்தைக் கண்டறியும் ரேடாருக்காக வளர்த்தெடுத்த கருவி அது. 1945-இல் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்துப் பொறியாளர் பெர்சி ஸ்பென்சர், அந்தக் குழாய்க்கு அருகே நின்றபோது தன் சட்டைப்பையில் இருந்த மிட்டாய் இளகிப்போனதைக் கவனித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் இந்த அடுப்பு. 1947-இல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஆள் உயரம் இருந்தது. எடை 300 கிலோவுக்கு மேல்.

அந்தக் குழாயிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 245 கோடி முறை அதிரும் அலைகள் வருகின்றன. சாப்பாட்டில் இருக்கும் தண்ணீர்தான் அந்த அலைகளை முக்கியமாக வாங்கிக்கொண்டு சூடாகிறது. அலை உள்ளே போவது இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம்தான். அதற்கும் உள்ளே இருக்கும் பகுதிக்குச் சூடு மெல்லத்தான் பரவ வேண்டும். "மைக்ரோவேவ் உள்ளேயிருந்து வேகவைக்கும்" என்று கடையில் சொன்னால் நம்பிவிடாதீர்கள். பெரிய கிண்ணம் நிறைய சாம்பாரை வைத்தால் ஓரம் கொதிக்கும், நடு வெதுவெதுப்பாக நிற்கும். பாதியில் ஒரு முறை கிளறிவிட வேண்டும். கிண்ணத்தைச் சுழலும் தட்டின் நட்ட நடுவில் வைக்காமல் சற்று ஓரமாக வைத்தால் இன்னும் சீராகச் சூடாகும்.

இன்னொன்று. தண்ணீர் கொதிக்கும் சூட்டைத் தாண்டி இதில் சூடு ஏறுவது கடினம். தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாகிவிடும். ஒரு பண்டம் பொன்னிறமாகச் சிவக்க வேண்டுமானால் அதன் மேற்பரப்பு 140 டிகிரியையாவது தொட வேண்டும். அதனால்தான் வெறும் மைக்ரோவேவில் செய்த கேக் வெளுத்தே இருக்கிறது. உங்கள் கைப்பக்குவத்தில் குறை ஒன்றும் இல்லை.

ஓ.டி.ஜி., கன்வெக்‌ஷன் இரண்டும் வேறு வழி. அவற்றில் கம்பி பழுத்துக் காற்று சூடாகிறது; அந்தச் சூடு பண்டத்தின் மேல்புறத்திலிருந்து உள்ளே இறங்குகிறது. ஓ.டி.ஜி. என்பது ஓவன், டோஸ்டர், கிரில் என்பதன் சுருக்கம்; அதில் மேலே கம்பி, கீழேயும் கம்பி. கன்வெக்‌ஷன் என்றால் அந்தச் சூட்டை ஒரு விசிறி சுற்றவிடுகிறது என்று பொருள். இது நம் ஊருக்குப் புதிது என்று யாரும் எண்ண வேண்டாம். நாகூர், காரைக்கால் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் தம்ரூட் செய்வதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். ரவை, முட்டை, பால், நெய், சர்க்கரை எல்லாம் கலந்த கலவையைச் சட்டியில் ஊற்றிக் கீழே இளந்தீ வைத்து, மூடியின் மேல் தணலை அள்ளிப் போடுவார்கள். மேலும் கீழும் சூடு. மேலே சிவந்து, உள்ளே பதமாக வெந்து வரும். அந்தத் தணல் செய்கிற வேலையைத்தான் ஓ.டி.ஜி.யின் மேல்கம்பி செய்கிறது. மைக்ரோவேவில் தம்ரூட் செய்யப் போனால் ரவைக் களிதான் கிடைக்கும்.

இப்போது கடைக்கு வருவோம். கடைக்காரர் முதலில் காட்டுவது 28 லிட்டர், 30 லிட்டர் கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ். "இதுல எல்லாமே இருக்கு மேடம், சூடு பண்ணலாம், கேக் பண்ணலாம், கிரில் பண்ணலாம்" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் சூடேறும் கம்பி இல்லாத, சோலோ என்று சொல்லும் சாதாரண மைக்ரோவேவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விலை. அதில் பல மாடல்களில் அடிக்கம்பி கிடையாது; சூடு மேலிருந்தோ பின்னாலிருந்தோதான் வரும். அதனால் ரொட்டியின் அடிப்பாகம் சரியாகச் சிவக்காது. வெப்பமும் பலவற்றில் 200 டிகிரியோடு நின்றுவிடும், ஓ.டி.ஜி. 230, 250 வரை போகும். தட்டு சுழல்வதால் வட்டமான பாத்திரம்தான் உள்ளே நிம்மதியாக நிற்கும்.

என் முடிவைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். நம் டெல்டா வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு 20 லிட்டர் சோலோ மைக்ரோவேவ் போதும். மத்தியானக் குழம்பை ராத்திரிக்குச் சூடு பண்ண, பால் காய்ச்ச, காய் வேகவைக்க, எண்ணெய் குறைக்கச் சொன்னவர்களுக்கு அப்பளம் சுட்டுக்கொடுக்க இதுவே தாராளம். கும்பகோணத்து உளுந்து அப்பளம் ஒன்று ஒரு நிமிடத்துக்குள் பொரிந்துவிடும், ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல். வீட்டில் பெண்ணுக்கோ மருமகளுக்கோ பேக்கிங்கில் உண்மையான ஆசை இருந்தால், மிச்சமாகும் பணத்தில் ஓ.டி.ஜி. ஒன்று தனியாக வாங்கிக்கொடுங்கள். இரண்டு வேலைக்கு இரண்டு அடுப்பு என்பது வீண் செலவு இல்லை. நகரத்து அடுக்குமாடி வீட்டில் மேடையில் ஒன்றுக்குத்தான் இடம் என்பவர்கள் மட்டும் கன்வெக்‌ஷன் மைக்ரோவேவை யோசிக்கலாம்.

மின்கட்டணம் பற்றிய பயத்தையும் சொல்லிவிடுகிறேன். சோலோ அடுப்பு 1,200 வாட் இழுத்தாலும் ஐந்து நிமிடத்துக்கு ஆவது ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான். ஓ.டி.ஜி.யில் முன்சூடு சேர்த்து ஒரு கேக் வெந்து வர முக்கால் யூனிட், ஒரு யூனிட் வரை ஆகலாம். இலவச யூனிட் கணக்குக்குள் ஓட்டுகிற வீடுகள், வாரம் ஒரு கேக் என்றால் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த உரைக்கு ஒத்துக்கொண்டபோதே நான் பேச நினைத்த விஷயம் ஒன்று உண்டு. நம் பக்கத்துக் கிராமங்களில், அக்கிரகாரத்து வீடுகளில், தெருவுக்கு நாலு வீட்டில் அறுபது எழுபது வயதைத் தாண்டிய அம்மா அப்பா மட்டும்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில், துபாயில். அம்மா அடுப்படியில் நின்று சிரமப்படக் கூடாதே என்ற பாசத்தில், இருப்பதிலேயே பெரிய ஓவனை ஆன்லைனில் அனுப்பிவைக்கிறார்கள். அதன் முகப்பில் இருபது பட்டன், எல்லாம் ஆங்கிலத்தில். எதையாவது அழுத்திக் கெடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் அதன்மேல் ஒரு பூப்போட்ட துணியைப் போர்த்தி, பக்கத்திலேயே கேஸ் அடுப்பில் ரசத்தைச் சூடு பண்ணுகிறார்கள். அந்த வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

பிள்ளைகளே, உங்கள் பெற்றோருக்கு வாங்குவதாக இருந்தால் இரண்டே இரண்டு திருகு இருக்கும் அடுப்பாக வாங்குங்கள். ஒன்று சூட்டின் அளவு, இன்னொன்று நேரம். இரண்டு நிமிடம் எங்கே வரும் என்று நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துக்கொடுங்கள். அடுப்பைத் தலைக்கு மேலே அலமாரியில் வைக்காதீர்கள்; கொதிக்கிற கிண்ணத்தை அண்ணாந்து இறக்குவது ஆபத்து. நெஞ்சு உயரத்துக்குக் கீழே இருக்கட்டும். பழைய வீடுகளில் அடுப்படி இருட்டாகப் பின்கட்டில் இருக்கும். ஓவன் அங்கேதான் இருக்க வேண்டும் என்று சட்டமா என்ன? சாப்பிடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். அடுத்த முறை ஊருக்கு வரும்போது கூட நின்று, அம்மா கையாலேயே நாலு முறை இயக்கவிடுங்கள்.

அடுத்தது மின்சாரம். வாங்கும் முன் வயர்மேனைக் கூப்பிட்டு இரண்டு விஷயம் கேளுங்கள். 15 ஆம்ப் பிளக் இருக்கிறதா? எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா? மரச்சட்டத்தில் வயர் ஓடுகிற பழைய ஓட்டு வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும்; மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. ஓவனின் உடம்பு இரும்பு. எர்த் இல்லாமல் அதைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கலாம். மிக்ஸி ஓடுகிற 5 ஆம்ப் பிளக்கில் அடாப்டர் போட்டு ஓவனைச் செருகுவதை மட்டும் செய்யாதீர்கள். பிளக் இளகி உருகிவிடலாம்.

அப்புறம் லோ வோல்டேஜ். கால்வாயில் கடைமடைக்குத் தண்ணீர் இளைப்பது போல, டிரான்ஸ்பார்மருக்குத் தொலைவில் கடைசிக் கம்பத்தில் இருக்கும் வீட்டுக்கு வோல்டேஜ் இளைத்துத்தான் வரும், அதுவும் பம்புசெட்டு ஓடுகிற நேரத்தில். 230 வோல்ட்டில் 1,500 வாட் கொடுக்கிற ஓ.டி.ஜி., 180 வோல்ட்டில் சுமார் 920 வாட்தான் கொடுக்கும். புத்தகத்தில் 40 நிமிடம் என்று போட்ட கேக் உங்கள் வீட்டில் ஒரு மணி நேரமாகியும் வேகாததற்கு இது காரணமாக இருக்கலாம். டிரான்ஸ்பார்மர் உள்ள சாதாரண வகை மைக்ரோவேவில் இன்னும் மோசம்: விளக்கு எரியும், தட்டு சுற்றும், சாப்பாடு சூடாகாது. அப்படிப்பட்ட வீட்டுக்கு, ஓவனின் வாட்டுக்கு ஏற்ற ஸ்டெபிலைசரின் விலையையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

நாகப்பட்டினம், தரங்கம்பாடி, வேதாரண்யம் என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று. உள்சுவரில் பெயிண்ட் உரிந்து துருப் பிடித்தால் அந்த இடத்தில் பொறி பறக்கும். செராமிக் பூச்சு உள்ளதைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் உள்ளே படியும் நீராவியைத் துடைத்து, கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். பின்புறமும் மேலேயும் காற்றுப் போக இடம் விடுங்கள். வயல் ஓரத்து வீடுகளில் எலி வயரைக் கடிக்கும், கரப்பான் பட்டன் பலகைக்குள் குடியேறும். உபயோகிக்காதபோது பிளக்கைப் பிடுங்கிவிடுவது நல்லது.

கதிர்வீச்சு பற்றிக் கேட்பவர்களுக்கு: இந்த அலை பொருளைச் சூடாக்கும், அவ்வளவுதான். கதவைத் திறந்ததும் நின்றுவிடும், சாப்பாட்டில் தங்காது. கதவுக் கண்ணாடியில் இருக்கும் வலையின் துளைகள் மிகச் சிறியவை. 12 சென்டிமீட்டர் நீள அலை அதன் வழியே வெளியேற முடியாது. கதவு கோணிக்கொண்டு சரியாக மூடாவிட்டால் மட்டும் பழுது பார்க்கும்வரை தொடாதீர்கள்.

பாத்திரத்துக்கு வருகிறேன். எவர்சில்வர், பித்தளை, சில்வர் டப்பா எதுவும் மைக்ரோவேவுக்குள் போகக் கூடாது. தங்கக் கோடு போட்ட பீங்கான் கோப்பைகூட வேண்டாம். முக்கியமாக ஈயச்சொம்பு. அந்தச் சொம்பு செய்யும் வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். ரசம் ஈயச்சொம்பில் கொதித்தால்தான் மணம், எனக்கும் அப்படித்தான். ரசம் கேஸ் அடுப்பிலேயே கொதிக்கட்டும். மறுபடி சூடு பண்ணும்போது கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முட்டையை ஓட்டோடு வைக்காதீர்கள், வெடிக்கும்.

நெல் விளையும் பூமியில் சோற்றைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மத்தியானம் வடித்த சோறு சாயங்காலம் வரை வெளியில் கிடந்தால் அதில் ஒருவகைக் கிருமி பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு சூடு பண்ணினாலும் போகாது. மைக்ரோவேவ் இருக்கிறதே, ராத்திரி சூடு பண்ணிக்கொள்ளலாம் என்று மேடையிலேயே விட்டுவிடாதீர்கள். சாப்பிட்டதும் மிச்சத்தைத் தட்டையான பாத்திரத்தில் பரப்பி ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். எடுத்துச் சூடு பண்ணும்போது இரண்டு கை தண்ணீர் தெளித்து, மூடியைச் சற்றே திறந்து வையுங்கள். வடித்த சோறு போலவே உதிரி உதிரியாக வரும்.

மைக்ரோவேவ் வீட்டுக்கு வந்த அன்றே ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு பீங்கான் கோப்பையில் 200 மில்லி தண்ணீர் எடுத்து, அதில் ஒரு மரக்கரண்டியையோ மூங்கில் குச்சியையோ போட்டுக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீர் சில நேரம் கொதிக்காமலே அதிகச் சூடாகி, தொட்டதும் பொங்கிச் சிதறும். குச்சி அதைத் தடுக்க உதவும். சாப்பாட்டுக்கு 800 வாட் கொடுக்கும் அடுப்பை முழுச் சூட்டில் ஓடவிட்டால் ஒன்றரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடத்துக்குள் தண்ணீர் கொதிக்கும் நிலைக்கு வந்துவிட வேண்டும். காலையில் ஒரு முறை, ராத்திரி ஏழு மணிக்கு ஒரு முறை பாருங்கள். காலையில் சரியாக இருந்து ராத்திரி மட்டும் மூன்று நான்கு நிமிடம் இழுத்தால் குறை பெரும்பாலும் வோல்டேஜில்தான், இ.பி. அலுவலகத்தில் எழுதிக்கொடுத்துவிட்டு ஸ்டெபிலைசர் வாங்குங்கள். இரண்டு நேரமும் இழுத்தால் பில்லை எடுத்துக்கொண்டு அடுத்த நாளே கடைக்குப் போய்விடுங்கள்.

வணக்கம்.