500 கேலன் வினிகர் குடிக்கச் சொன்ன கம்ப்யூட்டர்! | பி.எஸ்சி. மேத்ஸ் ஓ.ஆர். பேப்பர்ல எல்லாரும் தாண்டிப் போற பக்கம்

ஒரு கணித மேதை. உடம்பு கொஞ்சம் போட்டிருச்சு, டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லிட்டார். மனுஷன் நேரா கம்ப்யூட்டர்கிட்ட போய், தினமும் என்ன சாப்பிடணும்னு கேக்குறார். பதில் வருது. வழக்கமான சாப்பாட்டோட சேர்த்து 500 கேலன் வினிகர்! கிட்டத்தட்ட 1,900 லிட்டர். மொட்டைமாடியில வைக்கிற ஆயிரம் லிட்டர் தண்ணித் தொட்டி இருக்குல்ல, அதுல ரெண்டு.

அவர் பேரு ஜார்ஜ் டான்ட்சிக். ஓ.ஆர்., அதாவது ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பேப்பர்ல நீங்க பக்கம் பக்கமா போடுற, மிகச் சிறந்த விடையைப் படிப்படியா தேடுற சிம்ப்ளெக்ஸ் முறையை 1947-ல கண்டுபிடிச்சவர் அவரேதான். அந்த விடை கணக்குப்படி சரி. ஒரு ஸ்டெப்கூடத் தப்பில்ல. அப்புறம் எங்க கோளாறு? அதைத்தான் இன்னைக்குப் பேசப்போறோம்.

(திரையில்: சிலபஸ்)

ஓ.ஆர். வரலாறு ஒரே மூச்சுல சொல்லிடுறேன். இரண்டாம் உலகப் போர்ல ராடாரை எப்படிப் பயன்படுத்துறது, நீர்மூழ்கியை எப்படித் தாக்குறதுன்னு முடிவெடுக்க, பிரிட்டன் ராணுவம் பேட்ரிக் பிளாக்கெட் மாதிரி விஞ்ஞானிகளைக் கூப்பிட்டுச்சு. அங்க வளர்ந்த துறை இது. போர் முடிஞ்சதும் தொழிற்சாலைக்குள்ள வந்துச்சு, அப்புறம் நம்ம சிலபஸுக்கு. எல்.பி.பி. (லீனியர் புரோகிராமிங் கணக்கு, கட்டுப்பாடுகளுக்குள்ள சிறந்த விடை தேடுறது), டிரான்ஸ்போர்ட்டேஷன் (சரக்கைக் குறைஞ்ச செலவுல அனுப்புறது), அசைன்மென்ட் (ஆளுக்கு ஒரு வேலைன்னு பிரிக்கிறது), கேம் தியரி (போட்டியில முடிவெடுக்கிறது), பெர்ட் சி.பி.எம். (திட்ட வேலைகளுக்கு நேரம் கணக்கிடுறது). அவ்வளவுதான் வரலாறு. இப்ப வினிகருக்கு வாங்க.

சாப்பாட்டுக் கணக்கு டான்ட்சிக்குக்குப் புதுசு இல்ல. 1945-ல ஸ்டிக்லர்னு ஒரு பொருளாதார அறிஞர், 77 உணவுப் பொருள், 9 சத்து, ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கு ஆகுற மிகக் குறைஞ்ச செலவு என்னன்னு கேட்டார். அப்ப சிம்ப்ளெக்ஸ் கிடையாது. கூட்டிக் கழிச்சு, மாத்தி மாத்திப் பார்த்து 39.93 டாலர்னு சொன்னார். 1947-ல சிம்ப்ளெக்ஸ் வந்ததும் முதல்ல சோதிச்ச பெரிய கணக்குகள்ல இது ஒண்ணு. கையால இயக்குற கால்குலேட்டரோட 9 பேர் உட்கார்ந்து, மொத்தம் 120 ஆள்-நாள் உழைச்சாங்க. வந்த விடை 39.69. ஸ்டிக்லர் சொன்னதுக்கும் இதுக்கும் வெறும் 24 சென்ட்தான் வித்தியாசம்! எனக்கு இன்னைக்கும் இது புல்லரிக்குது. பரீட்சையில மூணு டேபிள் போட்டாலே கை வலிக்குதுங்கிறோம், அந்த ஒன்பது பேரை நினைச்சுப் பாருங்க.

1950-கள்ல டான்ட்சிக் இதையே தனக்காகப் போடுறார். எடை குறையணும், ஆனா பசிக்கக் கூடாது. அதனால 'வயிறு நிறைஞ்ச உணர்வு' அதிகபட்சமா இருக்கணும்னு ஆப்ஜெக்டிவ் ஃபங்ஷனை எழுதுறார். அந்த உணர்வை எப்படி எண்ணாக்குறது? சாப்பாட்டோட எடையில தண்ணியைக் கழிச்சா மிச்சம் என்னவோ அது. நல்ல யோசனைதானே? ஆனா அவர் கையில இருந்த தகவல்ல வினிகருக்குத் தண்ணி பூஜ்யம்னு இருந்துச்சு. கலோரி இல்ல, எடை மொத்தமும் வயித்தை நிறைக்குது. கம்ப்யூட்டர் விடுமா?

வினிகரை லிஸ்ட்ல இருந்து தூக்கினார். அடுத்த ரன்ல, சூப் போடுற பூயோன் கட்டி ஒரு நாளைக்கு 200! காலையில நாலு கட்டியை வெந்நீர்ல கரைச்சுப் பார்த்தார், வெறும் உப்புக் கரைசல். உப்புக்கு மேல்வரம்பு வைக்கணும்னு அதுவரைக்கும் யாருக்கும் தோணல. ஒரு நாளைக்கு மூணு கட்டிதான்னு எல்லை வச்சார். வேரியபிளுக்கு அப்பர் பவுண்ட் வைக்கிற வழக்கமே இப்படித்தான் ஆரம்பிச்சதுன்னு பின்னாடி அவரே எழுதியிருக்கார். அடுத்து தினமும் ரெண்டு பவுண்ட் தவிடு வந்துச்சு. கடைசியில அவர் மனைவியே என்ன சாப்பிடணும்னு முடிவு பண்ணாங்க, எடையும் குறைஞ்சது.

சரி, நம்ம ஊருக்கு வாங்க. ஒரு அக்கா வீட்ல பலகாரம் போட்டு விக்கிறாங்க. முறுக்கு கிலோவுக்கு லாபம் 60 ரூபாய், ஒரு மணி நேர வேலை. அதிரசம் கிலோவுக்கு 100 ரூபாய், ஒன்றரை மணி நேரம். வாரத்துல 12 மணி நேரம்தான் ஒதுக்க முடியும். கணக்குப் போட்டா, 8 கிலோ அதிரசம், முறுக்கு பூஜ்யம், லாபம் 800. அக்காகிட்ட இதைச் சொல்லிப் பாருங்க. "தம்பி, கடைக்காரர் வாரத்துக்கு மூணு கிலோ அதிரசத்துக்கு மேல எடுக்க மாட்டாரு"ம்பாங்க. அந்த ஒரு வரிதான் விட்டுப்போன கன்ஸ்ட்ரெய்ண்ட், அதாவது கட்டுப்பாடு. அதைச் சேர்த்தா 3 கிலோ அதிரசம், ஏழரை கிலோ முறுக்கு, லாபம் 750. அம்பது ரூபாய் குறையுது, ஆனா இதை மட்டும்தான் செஞ்சு விக்க முடியும்.

இதனாலதான் எனக்கு ஒரு ஆதங்கம். ஃபார்முலேஷன், அதாவது கதையா இருக்குற கணக்கைச் சமன்பாடா எழுதுற கேள்வின்னா நம்ம பிள்ளைங்க சாய்ஸ்ல விட்டுட்டு, ரெடிமேடா சமன்பாடு கொடுத்த கேள்விக்கு ஓடுறாங்க. சிம்ப்ளெக்ஸ்ல இசட்ஜே மைனஸ் சிஜே, கீ எலிமெண்ட், அடுத்த டேபிள்னு போடுறதை எக்செல் சால்வர் ஒரு நொடியில முடிச்சிடும். அதிரசம் மூணு கிலோதான்னு அக்காகிட்ட கேட்டுட்டு வர அதால முடியாது. கணக்குப் படிச்ச நீங்கதான் போய்க் கேக்கணும்.

டிரான்ஸ்போர்ட்டேஷனுக்கு, ஆரம்ப விடை கண்டுபிடிக்கிற வி.ஏ.எம்.மும் அது சிறந்ததான்னு சோதிக்கிற மோடி மெத்தடும் நல்லா பழகிக்கோங்க, இன்னைக்கு அது போதும். ஆனா அசைன்மென்ட்ல ஒரு பேர் கதை இருக்கு, அதைச் சொல்லாம விட மனசு வரல.

(திரையில்: 10 ஆள், 10 வேலை = 36,28,800 வழி)

இத்தனை வழியையும் ஒவ்வொண்ணா பார்க்காம, ரோ (வரிசை) மினிமம், காலம் (நெடுவரிசை) மினிமம் கழிச்சு, கோடு போட்டு முடிக்கிறோமே, அதுக்கு ஏன் ஹங்கேரியன் மெத்தட்னு பேரு? ஹெரால்ட் கூன்னு ஒரு அமெரிக்கர், ஒரு புத்தகத்தோட அடிக்குறிப்புல எகர்வாரிங்கிற ஹங்கேரி கணிதவியலாளரோட 1931 கட்டுரையைப் பத்திப் பார்த்தார். கட்டுரை ஹங்கேரி மொழியில இருந்துச்சு. லைப்ரரியில அகராதியும் இலக்கண புத்தகமும் எடுத்துட்டு வந்து, தானே உட்கார்ந்து மொழிபெயர்த்தார்! 1955-ல முறையை வெளியிட்டப்ப அந்த நாட்டோட பேரையே வச்சார். இன்னும் ஒண்ணு கேளுங்க. 2006-ல தெரியவந்தது, 1851-லயே இறந்துபோன ஜெர்மன் கணிதவியலாளர் யாக்கோபி இதே கணக்கைத் தீர்த்து வச்சிருக்கார். லத்தீன்ல எழுதினது, அச்சுல வந்ததே அவர் இறந்து பல வருஷம் கழிச்சு, 1890-ல.

இப்ப உங்களுக்கு ஒரு வேலை. உங்க ஹாஸ்டல் மெஸ்ஸுக்கோ வீட்டுச் சமையலுக்கோ ஒரு வாரத்துக்கு எல்.பி.பி. எழுதுங்க. தீர்க்க வேண்டாம், எழுதினா போதும். கன்ஸ்ட்ரெய்ண்ட் எல்லாத்தையும் கமெண்ட்ல போடுங்க. எங்க வினிகர் ஒளிஞ்சிருக்குன்னு ஒவ்வொண்ணா படிச்சுப் பார்த்து நான் பதில் எழுதுறேன்.