கையில இருந்த ஆறு குண்டையும் உடைச்ச நாட்டுல நின்னு பேசுறேன்

நடுவர் ஐயாவுக்கும், எதிரணியில உக்காந்திருக்கிற அண்ணன்மாருக்கும் அக்காவுக்கும், டர்பனைச் சுத்தி சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மெரேபேங்க், டொங்காட்னு எங்கெங்கிருந்தோ கார் பிடிச்சு வந்திருக்கிற பெரியவங்க பிள்ளைங்க எல்லாருக்கும் வணக்கம்.

"உலக அமைதிக்குக் காவல் அணு ஆயுத பலமா, அணு ஆயுத ஒழிப்பா?" இதான் தலைப்பு. ஒழிப்புதான்னு சொல்ல வந்திருக்கேன்.

எதிரணித் தலைவர் அண்ணன் அழகா பேசினாரு, கைதட்டலும் வாங்கினாரு. 1945க்கு அப்புறம் மூணாவது உலகப்போர் வராம இருக்கிறதே குண்டு மேல இருக்கிற பயத்துலதான்னாரு, உக்ரைன் குண்டைக் குடுத்துட்டு இன்னிக்கு அடி வாங்குதுன்னாரு, இந்தியா பாகிஸ்தான் ரெண்டு பக்கமும் குண்டு இருந்ததாலதான் கார்கில் சண்டை கார்கிலோட நின்னுச்சுன்னாரு. எல்லாத்துக்கும் வர்றேன். ஆனா அமெரிக்கா, ரஷ்யா, சீனா, வடகொரியான்னு உலகத்தையே சுத்திட்டு வந்தவரு, நாம நிக்கிற இந்த தென்னாப்பிரிக்காவைப் பத்தி ஒரு வார்த்தை பேசலயே ஐயா, அது எனக்கு மனசு கேக்கல. தானே அணுகுண்டு செஞ்சு, தானே அதை முழுசா உடைச்சுப் போட்ட நாடு உலகத்துலயே இது ஒண்ணுதான், இங்க நின்னுக்கிட்டு இந்தத் தலைப்பைப் பேசும்போது அதைத் தாண்டிப் போக முடியுமா?

சின்னப் பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். 1970கள்ல இருந்து அப்பார்ட்ஹைட் அரசாங்கம், அதாவது வெள்ளைக்காரங்களோட நிறவெறி அரசாங்கம், பிரிட்டோரியாவுக்கு மேற்கால பெலின்டாபா பக்கத்துல யுரேனியத்தை குண்டுக்கு ஏத்த மாதிரி செறிவூட்டுச்சு. கலஹாரி பாலைவனத்துல சோதனைக்கு ஆழமா குழி தோண்டினாங்க, 1977 ஆகஸ்ட்ல சோவியத் சாட்டிலைட் அதைப் பாத்துருச்சு, அமெரிக்காவும் மத்தவங்களும் நெருக்கினதுல சோதனையை நிறுத்திட்டாங்க, ஆனா வேலையை நிறுத்தல. 1989 வாக்குல ஆறு குண்டு ரெடி, ஏழாவது பாதியில. ஒவ்வொண்ணும் ஒரு ஆள் நீளம், சுமார் ஒரு டன் எடை, உள்ள சுமார் 55 கிலோ யுரேனியம். குண்டோட முன்பாதி ஒரு பெட்டகத்துல, பின்பாதி வேற பெட்டகத்துல பூட்டி வச்சிருந்தாங்க, தெரியாத்தனமா ரெண்டும் சேந்துறக் கூடாதுன்னு. செஞ்சவங்களுக்கே அவ்வளவு பயம்.

சரி, இந்த ஆறு குண்டு யாரைக் காப்பாத்துச்சு? அண்ணன் இதுக்கு பதில் சொல்லணும்.

எதிரின்னு அவங்க சொன்னது அங்கோலாவுல இருந்த கியூபா படையையும் அதுக்குப் பின்னாடி நின்ன சோவியத்தையும். குண்டு கையில இருந்தப்பவே 1987, 88ல அங்கோலாவோட க்விட்டோ க்வானவாலேங்கிற ஊர்ல சண்டை மாசக்கணக்கா நடந்துச்சு, ரெண்டு பக்கமும் பிள்ளைங்க செத்தாங்க, குண்டைப் பாத்து பயந்து ஒரு கியூபாக்காரனும் ஊருக்குத் திரும்பல. அவங்க எப்பக் கிளம்புனாங்க தெரியுமா? 1988 டிசம்பர் 22ல நியூயார்க்ல உக்காந்து பேசி கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறம். அந்தப் பேச்சுவார்த்தையாலதான் தென்னாப்பிரிக்கா பிடியில இருந்த நமீபியாவும் 1990ல சுதந்திரம் வாங்குச்சு. குண்டு போக்காத ஆபத்தை ஒரு மேசையும் நாலு நாற்காலியும் போக்குச்சு ஐயா.

இன்னொண்ணு, இதான் எனக்கு ரொம்ப வலிக்கிற விஷயம். தேசப் பாதுகாப்புன்னு சொல்றோமே, அந்த தேசத்துல நம்ம தாத்தா ஆயா இருந்தாங்களா? எந்த இனத்துக்காரன் எங்க குடியிருக்கணும்னு பிரிச்ச குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டி, டர்பன்ல கேட்டோ மேனர்ல இருந்த வீடு வாசலை விட்டு சாட்ஸ்வொர்த்துக்குத் தள்ளினாங்களே, அவங்ககிட்ட வாங்கின வரியிலயும்தானே இந்தக் குண்டைச் செஞ்சாங்க? யாரையாவது ஒரு வார்த்தை கேட்டாங்களா? வெள்ளைக்காரங்க மட்டும் ஓட்டுப் போட்ட காலத்துலயும் அவங்க பார்லிமெண்ட்டுக்கே சொல்லல. 1993 மார்ச் 24ல அப்ப ஜனாதிபதியா இருந்த டி கிளர்க் பார்லிமெண்ட்ல எழுந்து, "ஆறு குண்டு இருந்துச்சு, எல்லாத்தையும் உடைச்சாச்சு"ன்னு சொன்னப்பதான் நாடே தெரிஞ்சுக்கிச்சு. அணு ஆயுத பலம்னா இதுதான், நாலைஞ்சு பேருக்கு மட்டும் தெரிஞ்ச ரகசியத்துல கோடிக்கணக்கான பேரோட உயிரு.

டி கிளர்க் நல்லெண்ணத்துல உடைச்சாரா, மண்டேலாவோட ஏ.என்.சி. கட்சி ஆட்சி கையில குண்டு போயிறக் கூடாதுன்னு உடைச்சாரான்னு எதிரணி அக்கா கேப்பாங்க. ரெண்டாவது காரணமும் இருந்திருக்கலாம், நான் மறுக்கல. ஆனா 1994ல மண்டேலா வந்தாரே, யுரேனியம் பெலின்டாபாவுலயேதான் இருந்துச்சு, செஞ்ச ஆளுங்களும் இங்கதான் இருந்தாங்க, நினைச்சிருந்தா திரும்ப ஆரம்பிச்சிருக்கலாம். அவரு ஆரம்பிக்கல. 1996 ஏப்ரல்ல ஆப்பிரிக்கா முழுக்க அணு ஆயுதம் இல்லாத பகுதின்னு கெய்ரோவுல ஒப்பந்தம் போட்டாங்க, அதுக்குப் பேரு பெலின்டாபா ஒப்பந்தம், குண்டுக்கு யுரேனியம் செஞ்ச அதே ஊர்ப் பேரு! 2017ல ஐ.நா.வுல அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்துக்கு 122 நாடு ஓட்டுப் போட்டப்ப நம்ம நாடும் அதுல ஒண்ணு, 2019ல முறைப்படி ஏத்துக்கவும் செஞ்சுச்சு. குண்டு இல்லாததால எந்த நாடாவது வந்து நம்ம மேல படையெடுத்துச்சா?

உக்ரைனுக்கு வர்றேன். அங்க நடக்கிறது அநியாயம், அதுல எனக்கும் அண்ணனுக்கும் சண்டை இல்ல. ஆனா அந்த மண்ணுல இருந்தது சோவியத் குண்டு, ஏவுறதுக்கான ரகசியக் குறியீடு மாஸ்கோ கையில இருந்துச்சு, அதனால பிரயோகிக்க முடிஞ்ச ஆயுதத்தை உக்ரைன் தூக்கிக் குடுத்துருச்சுன்னு சொல்றது சரியில்ல. 1994ல புடாபெஸ்ட்ல உக்ரைன் எல்லையை மதிப்போம்னு எழுதிக் குடுத்த வாக்கை மீறினது யாரு? உலகத்துலயே அதிகமா குண்டு வச்சிருக்கிற ரஷ்யா. குண்டு வச்சிருக்கிறவனுக்கு, நம்மள யாரும் கேக்க முடியாதுங்கிற தைரியத்தைத்தான் அது குடுக்குது, இதை அமைதின்னு எப்படி சொல்றீங்க?

கார்கிலும் அப்படித்தான். 1998 மே மாசம் இந்தியா பொக்ரான்ல வெடிச்சுச்சு, அதே மாசம் பாகிஸ்தான் சாகாய்ல வெடிச்சுச்சு, இனிமே சண்டையே வராதுன்னாங்க. அடுத்த வருஷம் அதே மே மாசம் கார்கில். இந்தியப் பக்கம் மட்டும் 527 வீரர்கள். அந்த வீட்டு அம்மாமார்கிட்ட போயி குண்டு போரைத் தடுத்துருச்சுன்னு சொல்ல முடியுமா?

பயம் காப்பாத்துங்கிறவங்க ஒரு விஷயத்தை மறந்துர்றாங்க, பயம் சரியா வேலை செய்யணும்னா மனுஷனும் மெஷினும் ஒருநாள்கூட தப்பு பண்ணக்கூடாது. 2022 மார்ச் 9, இந்தியாவுல மெயின்டெனன்ஸ் பாத்துக்கிட்டிருக்கும்போது ஒரு பிரம்மோஸ் ஏவுகணை தவறுதலா கிளம்பிப் போயி பாகிஸ்தானுக்குள்ள 100 கிலோமீட்டருக்கு மேல தாண்டி மியான் சன்னு பக்கத்துல விழுந்துச்சு. உள்ள வெடிகுண்டு இல்ல, அது கடவுள் புண்ணியம். ஆனா அந்தப் பக்கம் ரேடார் முன்னாடி உக்காந்திருக்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்? சில நிமிஷம்தான் டைம், தலைக்கு மேல என்ன வருதுன்னு தெரியாது, பக்கத்துல பதிலடிக்கு ஏவுகணை ரெடியா நிக்குது. விபத்துதான்னு டெல்லி வெளிப்படையா சொன்னது ரெண்டு நாள் கழிச்சு. ஆகஸ்ட்ல மூணு அதிகாரிங்களை வேலையை விட்டு எடுத்தாங்க. அன்னிக்கு பாகிஸ்தான்ல யாரோ பொறுமையா இருந்ததாலதான் அமிர்தசரஸும் லாகூரும் இன்னிக்கு இருக்கு. 1983 செப்டம்பர்லயும் இதே கதைதான், அமெரிக்கா அஞ்சு ஏவுகணை விட்டுருச்சுன்னு சோவியத் கம்ப்யூட்டர் காட்டினப்ப, பெட்ரோவ்னு ஒரு அதிகாரி இது பொய் அலாரம்னு சொல்லி நம்ம எல்லாரையும் காப்பாத்தினாரு. 80 வருஷமா போர் வரலன்னு அண்ணன் குண்டுக்கு மாலை போட்டாரே, அந்த மாலை இவங்க கழுத்துல விழவேண்டியது.

ஒழிப்பு நடக்காத கனவுன்னு சொல்லாதீங்க. 1986ல உலகத்துல சுமார் 70,000 குண்டு இருந்துச்சு, இன்னிக்கு ஒம்பது நாட்டுகிட்ட சுமார் 12,000. பேசித்தான், கையெழுத்துப் போட்டுத்தான் இவ்வளவு குறைச்சாங்க. ஒப்பந்தங்களை விட்டுட்டா மறுபடி ஏறும், அதான் இந்த நேரத்துல இந்த மேடையில தொண்டை கிழியக் கத்துறேன்.

கடைசியா அண்ணன்கிட்ட ஒரே கேள்வி. 2007 நவம்பர்ல ஆயுதத்தோட வந்த ஒரு கும்பல் பெலின்டாபாவோட மின்வேலியைத் தாண்டி உள்ள பூந்து, அவசரக் கட்டுப்பாட்டு அறை வரைக்கும் போயி, அங்க இருந்த அதிகாரியைச் சுட்டுட்டுத் தப்பிச்சுப் போச்சு. உடைச்ச குண்டுல இருந்து எடுத்த யுரேனியம் இருக்கிற வளாகம் அது. அன்னிக்கு அங்க அந்த ஆறு குண்டும் முழுசா இருந்திருந்தா, சாவியை யார் கையில குடுத்துட்டு நீங்க நிம்மதியா தூங்குவீங்க? உங்க அணியில அடுத்துப் பேசுறவரு ஆளைச் சொல்லட்டும் ஐயா, நான் உக்காந்து கேக்குறேன். வணக்கம்.