70 நிமிட அணி 90 நிமிடம் ஆடக் கற்ற கதை: இந்தியக் கால்பந்து, 1948–1962

(திரையில்: இல்ஃபோர்டு, லண்டன் அருகே. 31 ஜூலை 1948)

ஸ்கோர் 1-1. எதிரே பிரான்ஸ். சுதந்திர இந்தியா ஒலிம்பிக்கில் ஆடும் முதல் கால்பந்து ஆட்டம். இரண்டு பெனால்டி கிடைத்தது, இரண்டையும் கோட்டைவிட்டாயிற்று. சாரங்கபாணி ராமன் அடித்த கோலால்தான் ஆட்டம் சமனில் நிற்கிறது. 89-வது நிமிடத்தில் பிரான்ஸ் இரண்டாவது கோலைப் போடுகிறது. இந்தியா வெளியே.

இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும் எல்லோரும் வெறுங்காலைப் பற்றித்தான் பேசுவார்கள். அன்று பெரும்பாலான இந்திய வீரர்கள் பூட்ஸ் இல்லாமல் ஆடியது உண்மைதான். ஆனால் நீங்கள் அந்த 89-ஐக் குறித்துக்கொள்ளுங்கள். அப்போது இந்தியாவில் உள்நாட்டுப் போட்டிகள் 70 நிமிடம்தான், பாதிக்கு 35. ஆண்டு முழுக்க 70 நிமிடம் ஆடிப் பழகிய உடம்பு, கடைசி 20 நிமிடத்தில் என்ன ஆகும்? ஓட்டம் நிற்காது, ஆனால் அரை நொடி தாமதமாகும். எதிராளியை ஒட்டி நிற்க வேண்டிய டிஃபென்டர் இரண்டடி தள்ளி நிற்பார். கோல் விழ அது போதும்.

(திரையில்: 1950 உலகக் கோப்பை, பிரிவு 3)

அடுத்தது 1950. "பூட்ஸ் போடச் சொன்னதால் இந்தியா உலகக் கோப்பைக்குப் போகவில்லை." இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கும் கதை. நடந்தது வேறு. பர்மாவும் பிலிப்பைன்ஸும் விலகியதால் தகுதிச் சுற்றில் ஓர் ஆட்டமும் ஆடாமலே இந்தியாவுக்கு இடம் கிடைத்தது. இத்தாலி, ஸ்வீடன், பராகுவே இருந்த பிரிவில் சேர்த்தார்கள். பயணச் செலவில் பெரும்பகுதியை ஏற்பதாகப் பிரேசில் சொன்னது. இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் அதிகாரபூர்வமாகச் சொன்ன காரணம், அணித் தேர்வில் கருத்து வேறுபாடு, பயிற்சிக்கு நேரமின்மை. பூட்ஸ் அதில் இல்லை. உள்ளே இன்னொன்றும் இருந்தது: அன்றைய நிர்வாகிகளுக்கு ஒலிம்பிக்தான் பெரிது, உலகக் கோப்பை அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. அது மாபெரும் தவறு. இதைத் தயங்காமல் சொல்லலாம்.

வெறுங்கால் உண்மையிலேயே காலை வாரியது 1952-இல், ஹெல்சிங்கியில். யூகோஸ்லாவியாவிடம் 1-10. காய்ந்த, இறுகிய மண்ணில் வெறுங்காலுக்கு நல்ல பிடிப்பு உண்டு. பந்தின் தொடுகையும் நன்றாகத் தெரியும். ஈரப் புல்லில் நிலைமை தலைகீழ். உதைக்கும் கால் வானத்தில் இருக்க, ஊன்றிய கால் வழுக்குகிறது. திடீரென்று திரும்ப முடியாது. தோல் பந்து தண்ணீர் குடித்துக் கனமாகிறது. குளிரில் விரல் மரத்துப்போகிறது. எதிரே ஆணி வைத்த பூட்ஸ் வரும்போது டேக்கிளில் கால் வைக்கவே மனம் கூசும். இந்தத் தோல்விக்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது.

(திரையில்: செய்யது அப்துல் ரஹீம்)

ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியின் பயிற்சியாளர்; அந்த அணி 1950 முதல் 1954 வரை மும்பையில் நடந்த ரோவர்ஸ் கோப்பையைத் தொடர்ந்து ஐந்து முறை வென்றது. 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் இந்தியா ஈரானை 1-0 என வென்று தங்கம் எடுத்ததும் இவர் பயிற்சியில்தான்.

ரஹீமின் வழிமுறை எளிமையானது. ஒரு குறையை எடுத்து, அதற்கென்றே ஒரு போட்டி வைப்பார். பந்தை அதிகம் வைத்துக்கொள்கிறார்களா? டிரிப்ளிங் செய்யவே கூடாது என்ற விதியோடு ஒரு போட்டி. பந்து வந்ததும் பாஸ் போட்டாக வேண்டும். வலது காலை மட்டும் நம்புகிறார்களா? வராத காலால் மட்டும் ஆடும் போட்டி.

ஆட்ட அமைப்பையும் மாற்றினார். பழைய 2-3-5-இல் பின்னால் இருவர் மட்டுமே; நடுவில் மூவர், முன்னால் ஐவர். நடுவில் நிற்கும் சென்டர் ஹாஃப் தாக்குதலுக்கு ஏறிவிட்டால், அந்த இருவருக்கும் நடுவே வாசல் திறந்துகிடக்கும். எதிரணி சென்டர் ஃபார்வர்டுக்கு அது ராஜபாட்டை. சென்டர் ஹாஃபை இருவருக்கும் இடையே இறக்கினால் மூவர். இன்னொருவரையும் சேர்த்தால் 4-2-4. ஆனால் அதிலும் ஒரு சிக்கல்: நடுக்களத்தை இரண்டே பேர் சுமக்க வேண்டும். முன்னால் நிற்பவர்களில் ஒருவர் பந்து போனதும் இறங்கி வராவிட்டால் அமைப்பே உடையும். இறங்கி ஏற மூச்சு வேண்டும். ஆக, மறுபடியும் அந்த 70 நிமிடப் பிரச்சினை.

பலன் 1956 மெல்போர்னில் தெரிந்தது. ஆஸ்திரேலியாவை 4-2 என வென்றார்கள். நெவில் டிசூசா ஹாட்ரிக் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஆசிய வீரர் ஒருவரின் முதல் ஹாட்ரிக் அது. அரையிறுதியில் அதே யூகோஸ்லாவியா. இரண்டாம் பாதி தொடங்கியதும் டிசூசாவே கோல் போட்டு 1-0. பிறகு சுமார் கால்மணி நேரத்துக்குள் மூன்று கோல் வாங்கி, கடைசியில் 1-4. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3. நான்காவது இடம்.

1960 ரோமில் ஹங்கேரியிடம் 1-2 என்று நெருங்கித் தோற்றார்கள். அடுத்து மறுபடியும் பிரான்ஸ். பி.கே. பானர்ஜி 71-வது நிமிடத்தில் கோல் அடித்தார். 82-இல் பிரான்ஸ் சமன் செய்தது. 89, இப்போது 82. கடைசிக் கட்டத்தில்தான் கைநழுவுகிறது, பாருங்கள்.

(திரையில்: ஜகார்த்தா, 1962 ஆசிய விளையாட்டு)

முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2. தாய்லாந்தை 4-1 என வென்ற ஆட்டத்தில் ஸ்டாப்பர், அதாவது பின்வரிசையின் நடுவில் நிற்கும் டிஃபென்டர், ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடி, ஆறு தையல். ஜப்பானுடன் அவர் இல்லாமலே 2-0. தெற்கு வியட்நாமுடனான அரையிறுதிக்கு ரஹீம் எடுத்த முடிவைத்தான் நான் இந்த வரலாற்றிலேயே மிகத் துணிச்சலானது என்பேன். தையல் போட்ட தலையோடு வந்த ஜர்னைலை டிஃபென்ஸில் வைக்காமல் சென்டர் ஃபார்வர்டாக முன்னால் அனுப்பினார். பின்னால் அருண் கோஷ் பொறுப்பேற்றார். ஸ்டாப்பராக நின்றால் வருகிற உயரப் பந்தையெல்லாம் தலையால் முட்டித் தள்ள வேண்டும். முன்னால் நின்றால் எந்தப் பந்துக்குத் தலை கொடுப்பது என்று அவரே தேர்ந்தெடுக்கலாம். 3-2 வெற்றி. சுனி கோஸ்வாமி இரண்டு, ஜர்னைல் ஒன்று.

செப்டம்பர் 4, இறுதியாட்டம், மறுபடியும் தென்கொரியா. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டார்கள். போட்டியை நடத்திய இந்தோனேசியா இஸ்ரேலையும் தைவானையும் அழைக்காததைக் கண்டித்து இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி பேசியதன் கோபம் அது. 17-வது நிமிடம் பி.கே. பானர்ஜி, 20-இல் ஜர்னைல். 2-0. கோலில் பீட்டர் தங்கராஜ். மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணியில் சென்டர் ஃபார்வர்டாகத் தொடங்கிக் கோல்கீப்பரானவர். 85-வது நிமிடத்தில் கொரியா ஒன்றைத் திருப்பியது. மிச்சம் ஐந்து நிமிடம். இந்த முறை பின்வரிசை அசையவில்லை. 2-1, தங்கம்.

அந்த நாட்களில் ரஹீம் புற்றுநோயோடு இருந்தார். 1963 ஜூனில் மறைந்தார். 1964-இல் நான்கு அணிகள் ஆடிய ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாமிடம். 1970 பாங்காக்கில், ஜப்பானை 1-0 என வென்று வெண்கலம். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா கடைசியாக வாங்கிய பதக்கம் அதுதான்.