சுவரில் ஒரு படம், மரத்தில் ஒரு படம்

வணக்கம் நேயர்களே.

நான் எடுத்த முதல் சோலைமந்திப் படம் ரொம்பச் சுலபமாகக் கிடைத்தது. வால்பாறைப் பக்கம் புதுத்தோட்டத்தில், சாலையோரச் சுவரில் குட்டியை அணைத்தபடி ஒரு தாய் உட்கார்ந்திருந்தது. பத்தடி தூரம்தான். முகத்தில் நல்ல வெயில். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது.

அந்தப் படத்தில் இருக்கும் துயரம் புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின.

சிங்கவால் குரங்கு என்று சொல்கிறோமே, அதுதான் சோலைமந்தி. கரிய உடல், முகத்தைச் சுற்றி வெள்ளிநிறப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. மிஞ்சியிருப்பவை 4000-க்கும் குறைவு என்று மதிப்பிடுகிறார்கள். தின்பது, உறங்குவது, குட்டி வளர்ப்பது எல்லாம் மழைக்காட்டின் உச்சிக் கிளைகளில்தான். அது ஏன் சுவருக்கு வந்தது? தேயிலைக்கும் காப்பிக்கும் காட்டை வெட்டியதில் புதுத்தோட்டத்துக் காடு எஸ்டேட்டுகளுக்கு நடுவே தீவாகிவிட்டது. கிளையோடு கிளை சேராத இடத்தில் குரங்கு இறங்கித்தானே ஆகவேண்டும்? இறங்கினால் சாலை, வண்டி, நாம் வீசும் தின்பண்டம். மரத்துக்கு மரம் சாலைக்கு மேலே கட்டியிருக்கும் தொங்கு பாலங்களில் அவை கடந்துபோவதைப் பார்க்கும்போதுதான் மனசு கொஞ்சம் ஆறுகிறது.

அப்புறம் அனுமதி வாங்கி, ஆனைமலையில் அறுபடாத காட்டுக்குள் போனேன். காடர் இனத்தைச் சேர்ந்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் கூட வந்தார். மூன்று நாள் அட்டைக்கடிதான் மிச்சம். நான்காம் நாள் காலை அவர் சட்டென்று நின்று காதைக் கொடுத்தார். மேலே வெடிப்பலாவின் முள்ளுக்காயை உடைக்கும் சத்தம். தோல் துண்டுகள் எங்கள் மேலேயே விழுந்தன.

வெள்ளை வானம், கறுப்புக் குரங்கு. கேமரா தானாகக் கணக்குப் போட்டால் வெறும் நிழல்தான் பதியும். ஒளி அளவைக் கூட்டி வைத்தேன். வானம் வெளிறிப்போனாலும் பரவாயில்லை, கண் தெரிந்தால் போதும். ஃபிளாஷ் நான் தொடுவதே இல்லை. கிடைத்தது ஒரே ஒரு படம். பாதி முகத்தை இலை மறைத்திருக்கிறது, கொஞ்சம் கலங்கலும்கூட. என் வீட்டில் மாட்டியிருப்பது அதைத்தான்.

கேமராவைத் தாழ்த்தி நிமிர்ந்து பார்த்தேன். வாயில் ஒரு காயோடு அடுத்த மரத்துக்குத் தாவியது. அங்கிருந்து அதற்கடுத்த மரத்துக்கு. கிளைகள் ஆடும் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.