பரோட்டாக் கல்லும் பிளாஸ்மா செல்லும்

வணக்கம் மக்களே, சிம்மக்கல் பக்கம் ஒரு பரோட்டாக் கடை வாசல்ல நிக்கிறேன், மணி ராத்திரி 11 ஆகுது, பார்சல் சொல்லிட்டேன், பின்னாடி கொத்துச் சத்தம் வரும், கொஞ்சம் பொறுத்துக்கங்க.

நான் லேப் டெக்னீசியன்னு உங்களுக்குத் தெரியும்ல. இன்னிக்கு டெங்கு ரிப்போர்ட் வாங்க வந்த ஒரு அண்ணன், "ஏம்ப்பா, ஐஜிஜி ஐஜிஜின்னு போட்டிருக்கே, இத உள்ள யாரு செய்யுறா?"ன்னாரு. நல்ல கேள்வி. ஐஜிஜிங்கிறது ஆன்டிபாடியில ஒரு வகை, கிருமியப் பிடிக்க உடம்பு செய்யுற புரோட்டீன். நாமளும் உடம்பு செய்யுது, ரத்தம் செய்யுதுன்னு பொத்தாம்பொதுவா சொல்லிட்டுப் போயிருவோம்.

செய்யுறது பிளாஸ்மா செல்லுங்க, வெள்ளணுல ஒரு வகை. 1948லயே ஸ்வீடன்ல ஆஸ்ட்ரிட் ஃபாக்ரேயஸ்னு ஒரு அம்மா இத எடுத்துக் காட்டிட்டாங்க. அது மொதல்ல பி செல்லா திரியும்போது ஆன்டிபாடிய தன் மேல்தோல்லயே கொக்கி மாதிரி நட்டு வச்சிருக்கும், அந்தக் கொக்கியில சரியான கிருமி மாட்டி, பக்கத்துல டி செல்லுங்குற இன்னொரு வெள்ளணுவும் ஆமா இதான்னு தலையாட்டிருச்சுன்னா, பெருகி பிளாஸ்மா செல்லா மாறும், அப்ப அதே ஆன்டிபாடிய மேல்தோல்ல பிடிச்சு வைக்கிற வால் இல்லாம செஞ்சு வெளிய விட ஆரம்பிச்சிரும். ஒரு செல்லு, ஒரு செகண்டுக்கு, 10,000த்துக்கு மேல கூட விடும்ங்குறாங்க. எம்புட்டுன்னு பாருங்க! இதுக்குன்னே உள்ள சவ்வு அடுக்கடுக்கா இருக்கும், மைக்ராஸ்கோப் படத்துல பாத்தா, சத்தியமா சொல்றேன், பிச்சுப்போட்ட பரோட்டா மாதிரியேதான்.

ஆனா எல்லாச் செல்லும் ஒண்ணுபோல விடாது, இதத்தான் நான் சொல்ல வந்தேன். உங்க ரிப்போர்ட்ல வர்ற நம்பர் கடையோட மொத்த வியாபாரம் மாதிரி. இந்தா, இங்கன ரெண்டு கல்லு, ரெண்டு மாஸ்டர், யாரு எத்தன போட்டாருன்னு கல்லாப்பெட்டிய வச்சு சொல்ல முடியுமா?

அதப் பாக்க 1983ல எலிஸ்பாட்னு ஒரு டெஸ்ட்டு கொண்டு வந்தாங்க. இருங்க, கேமராவ இந்தச் சுவத்துப் பக்கம் திருப்புறேன், தெரியுதா, வெத்தல எச்சி, கருமம். ஆனா கறைய எண்ணுனா எத்தன பேரு துப்புனாங்கன்னு தெரியும், பெரிய கறையா சின்னக் கறையான்னும் தெரியும்ல? அதேதான். தட்டுல பசை மாதிரி பிடிச்சுக்கிற ஒண்ணத் தடவி மேல செல்ல விட்டா, அது விட்டது சுத்தி அங்கனயே ஒட்டிக்கும், அப்புறம் கலர் ஏத்துனா செல்லுக்கு ஒரு புள்ளி. டிபி கிருமி உள்ள இருக்கான்னு பாக்குற ஒரு ரத்த டெஸ்ட்டுகூட இந்த முறைதான், அதுல பாக்குறது ஆன்டிபாடி இல்ல, டி செல் விடுற இன்டர்ஃபெரான் காமா.

அது வேற ரகம், சைட்டோகைன்ம்பாங்க, செல்லுக்குச் செல்லு சொல்லிவிடுற சேதி. ஆன்டிபாடி ரத்தத்தோட ஊரு பூராம் சுத்தும், இது பெரும்பாலும் அக்கம்பக்கத்தோட சரி, அதுலயும் டி செல்லு சிலத ஒட்டி நிக்கிற செல்லப் பாத்து மட்டும், காதோட காதா விடும், டிஎன்எஃப்னு ஒண்ணு இருக்கு, அது மாதிரி சிலத நாலாபக்கமும் இறைச்சு விடும். நமக்குக் காய்ச்சல் வந்து குளுர் நடுக்குதுன்னா இந்தச் சேதி மூளை வரைக்கும் போயிருச்சுன்னு அர்த்தம்.

சரி, சுவத்துக்கு வருவோம். கறை இருக்கு, துப்புன ஆளு போயிட்டாரு. எலிஸ்பாட்லயும் செல்லக் கழுவி ஊத்திருவோம், அதனால அதிகமா விட்ட செல்லு எதுன்னு பிடிச்சு, ஏன்டா ஒனக்கு மட்டும் இம்புட்டுன்னு கேக்க வழியில்ல. 2023ல லாஸ் ஏஞ்சலஸ்ல, கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்காரங்க ஜெல்லுல குட்டிக் குட்டிக் கிண்ணம் செஞ்சு, கிண்ணத்துக்கு ஒரு செல்லு உக்கார வச்சாங்க. அது விடுற ஐஜிஜி கிண்ணத்துலயே ஒட்டிக்கும், ஆளு, எச்சில் படிக்கம் ரெண்டையும் சேத்துப் பிடிச்ச கணக்கு. அப்புறம் செல்லு உள்ள எந்த ஜீன் ஓடுதுன்னு படிச்சாங்க.

நான் என்ன நெனச்சேன்னா, ஆன்டிபாடி செய்யுற குறிப்பு எதுல நெறைய இருக்கோ அதுதான் நெறைய விடும்னு. அப்படி இல்லையாம்ங்க! எனர்ஜி தயாரிக்கிற ஜீனும், கோணல்மாணலா வந்த புரோட்டீன கழிச்சுக்கட்டுற ஜீனும் எதுல நல்லா ஓடுதோ அதுதான் அள்ளி விடுது. மாஸ்டர்கிட்ட கேட்டா இதையேதான் சொல்லுவாரு, மாவு மலையா பெசஞ்சு வச்சு என்ன, தீ நிக்கணும், கருகினத அப்பப்ப தூக்கிப் போடணும், இல்லாட்டி கல்லே அடைச்சுக்கிரும். அதுபோக சிடி59னு செல்லு மேல ஒரு அடையாளம், அது கூடுதலா இருந்தா அது ஜாஸ்தி விடுற ஆளுன்னு வெளிய இருந்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஆன்டிபாடிய மருந்தா செஞ்சு விக்கிறவங்களுக்கு இது எம்புட்டு உபயோகம்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

அந்த அண்ணன்கிட்ட இதுல பாதிதான் சொன்னேன், பின்னாடி கூட்டம் நின்னுச்சு.

இருங்க இருங்க, கூப்பிடுறாங்க. ஆமாண்ணே, நாலு பரோட்டா, ஒரு முட்ட கொத்து, சால்னா தனியாக் கட்டுங்கண்ணே, போன தடவ பைக்ல ஊத்திருச்சு.