கிருமி தொடாத செல் ஏன் உதிர்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

பெண்ணின் கருக்குழாய் சுமார் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம். அதன் உட்படலம் மடிப்பு மடிப்பாக, ஒற்றை அடுக்குச் செல்களால் ஆனது. சில செல்கள் நீர் சுரப்பவை. மற்றவை தலையில் குற்றிழைகளை, அதாவது நுண்ணிய மயிரிழைகளைத் தாங்கியவை. அந்த இழைகள் கருப்பைப் பக்கமாக ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும். அந்த அடிப்பும் குழாய்த் தசையின் அசைவும் சேர்ந்துதான் கருவை மூன்று நான்கு நாளில் கருப்பைக்குக் கொண்டுசேர்க்கின்றன.

கொனோரியா, பேச்சுவழக்கில் வெட்டை நோய். அதன் கிருமி கருப்பை வாயிலிருந்து மேலேறி இந்தக் குழாய்க்குள் வருவதுண்டு. அறுவை சிகிச்சையில் அகற்றிய கருக்குழாய்த் துண்டுகளை ஊட்டநீரில் உயிரோடு வைத்து, அவற்றில் இந்தக் கிருமியை விட்டுப் பார்த்திருக்கிறார்கள். கிருமி ஒட்டியதும் உள்ளே நுழைந்ததும் சுரக்கும் செல்லில். உதிர்ந்ததோ, பக்கத்தில் இருந்த, கிருமி தொடவே இல்லாத குற்றிழைச் செல்!

காரணம், கிருமி சிந்தும் துண்டுகள். வளரும் கிருமி தன் செல்சுவரை வெட்டி வெட்டிப் புதுப்பிக்கும். செல்சுவரின் பொருளான பெப்டிடோகிளைக்கனின் வெட்டிய துண்டுகளில் கணிசமான பங்கைக் கொனோரியாக் கிருமி வெளியே விட்டுவிடுகிறது. கக்குவான் இருமலில் மூச்சுக்குழாயின் குற்றிழைச் செல்களைக் கொல்வதும் இதே வகைத் துண்டுதான். கிருமியின் வெளிச்சவ்விலிருந்து கழலும் கொழுப்புச் சர்க்கரை நச்சும் இதோடு சேர்ந்துகொள்கிறது. இவை பட்டதும் குழாயின் திசு டி.என்.எஃப் என்ற அழற்சிப் புரதத்தைச் சுரக்கிறது. குற்றிழைச் செல்கள் கழன்று விழுகின்றன.

ஆன்டிபயாட்டிக் கிருமியைக் கொல்லும். உதிர்ந்த செல்லைத் திரும்ப ஒட்டவைக்காது. மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டித் தழும்பானால், கரு வழியிலேயே சிக்கிக் குழாயிலேயே வளரத் தொடங்கலாம். கிருமி மேலேறிக் கருப்பையிலும் கருக்குழாயிலும் வரும் அழற்சிக்கு இடுப்புறுப்பு அழற்சி என்று பெயர். சுவீடனின் லுண்ட் நகரில் அது வந்த பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். குழாய் பழுதால் கருத்தரிக்க முடியாமல் போனவர்கள், ஒருமுறை வந்தவர்களில் 8 சதவீதம், இருமுறை வந்தவர்களில் ஏறக்குறைய 20, மூன்றோ அதற்கு மேலோ வந்தவர்களில் 40.

கீழே யோனியில் நடப்பது வேறு. அங்கே படலம் பல அடுக்கு. லாக்டோபேசில்லஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா சுரக்கும் லாக்டிக் அமிலம் காவல் நிற்கும். அமிலம் குறையக் குறைய ஏறும் எண்ணான pH அளவு 4.5ஐத் தாண்டும்போது கார்ட்னரெல்லா போன்ற கிருமிகள் பெருகுகின்றன. கார்ட்னரெல்லாவின் நச்சான வஜைனோலைசின், நம் செல்லின் மேலுள்ள சி.டி.59 புரதத்தைப் பிடித்துக்கொண்டு சவ்வில் வளையமாகத் துளை போடும். நம் எதிர்ப்பாற்றல் நம் செல்லிலேயே துளையிடாமல் காப்பதுதான் அந்தப் புரதத்தின் வேலை! காவலையே கைப்பிடியாக்கிக்கொள்கிறது நச்சு. உள்ளே பீய்ச்சிக் கழுவினால் லாக்டோபேசில்லஸும் சேர்ந்து போய்விடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அடிவயிற்று வலி, காய்ச்சல், வழக்கமில்லாத வெள்ளைப்படுதல், உறவின்போது வலி: இவை வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். மூன்று நாள் தள்ளிப்போட்டாலே பிற்காலப் பாதிப்பு கூடுகிறது. அறிகுறியே இல்லாமலும் தொற்று இருக்கும் என்பதால், சந்தேகம் இருந்தால் யோனித் துடைப்பு மாதிரியில் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாம். இடுப்புறுப்பு அழற்சிக்கு மருந்து வழக்கமாக 14 நாள். வலி நான்காம் நாளே நின்றாலும் முழுவதையும் சாப்பிட வேண்டும். துணைவருக்கும் சிகிச்சை தேவை, இல்லையேல் அதே கிருமி திரும்பி வரும்.

முன்பு இந்த அழற்சி வந்தவருக்கு மாதவிடாய் தள்ளிப்போய், ஒருபக்க அடிவயிற்று வலியோ மயக்கமோ வந்தால், அது குழாயில் வளரும் கருவாக இருக்கலாம்; மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.